மேடைக்குப் பின்னால் ஒரு மேசை

இங்கிலாந்தின் சிறப்பு இசைப் பாடசாலைகளும் எம் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளும்

பிள்ளையொன்று மேடையேறி வயலின் வாசிக்கும்போது சபையோர் ஆசிரியரைப் பாராட்டுகின்றனர். பெற்றோரின் தியாகத்தைப் போற்றுகின்றனர். பிள்ளைக்கு இயல்பாக அமைந்த ஞானத்தை வியக்கின்றனர். இம்மூன்றும் உண்மையே. ஆயினும் அப்பிள்ளை கடந்த ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் எந்த நேரத்தில், எந்த அறையில், யாருடைய மேற்பார்வையில் பயின்று வந்தது என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. அக்கேள்விக்கான விடை ஒரு காகிதத்தில் இருக்கின்றது. அக்காகிதத்தின் பெயர் நேரசூசி.

புலம்பெயர்ந்த எம்மவர் பிள்ளைகளின் கலைக் கல்விக்காகச் செலவிடும் பணத்துக்கும் நேரத்துக்கும் குறைவில்லை. இரவு வேலை முடித்து வந்த தந்தை நித்திரை கொள்ளாமல் சனிக்கிழமை காலையில் வகுப்புக்கு வாகனம் ஓட்டுகின்றார். "எந்த ஆசிரியர் சிறந்தவர்?" என்று விசாரிப்பதில் நாம் வல்லவர்கள். "இந்த நிறுவனம் பிள்ளையின் நேரத்தை எவ்வாறு பங்கிடுகின்றது?" என்று கேட்கும் பழக்கமோ எம்மிடம் அருமை. பல்கலைக்கழகத்தில் விரிவுரை நேரசூசி வகுக்கும் பொறுப்பைச் சில காலம் சுமந்தவன் என்ற முறையில், அலுவலக மேசையில் நிகழும் அந்தப் பணி எத்துணை பாரதூரமானது என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஐந்து பாடசாலைகள்

பிரித்தானியாவில் இளம் இசைக்கலைஞரை உருவாக்குவதற்கெனச் சிறப்புப் பாடசாலைகள் ஐந்து இயங்குகின்றன. புகழ்பெற்ற வயலின் மேதை யெஹூதி மெனுஹின் 1963 இல் தொடங்கிய பாடசாலை சறே மாவட்டத்தில் உள்ளது. 1962 இல் தோற்றம் பெற்ற பர்செல் பாடசாலை இப்பொழுது ஹேட்போட்ஷயரில் நடைபெறுகின்றது. மன்செஸ்ரர் நகரின் மையத்தில் செத்தம்ஸ் பாடசாலை அமைந்துள்ளது. வெல்ஸ் நகரில் பேராலயத்தைச் சார்ந்த பொதுப் பாடசாலை ஒன்றினுள்ளே சிறப்பு இசைப் பிரிவு இருக்கின்றது. ஐந்தாவது, எடின்பறோவில் உள்ள சென்ற் மேரிஸ் இசைப் பாடசாலை.

இவற்றுள் சிறப்பு இசை மாணாக்கர் தொகையில் பெரியது செத்தம்ஸ். 8 வயது தொடக்கம் 18 வயது வரையான ஏறத்தாழ 300 பிள்ளைகள் அங்கே கற்கின்றனர். அதன் பழைய கட்டடங்கள் 1421 அளவில் கிறிஸ்தவக் குருமாரின் கல்லூரிக்காக எழுப்பப்பட்டவை. துணி வணிகரான ஹம்பிரி செத்தம் 1653 இல் மறைந்தபோது, நாற்பது ஏழைச் சிறுவருக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அளிப்பதற்கென விட்டுச் சென்ற பணத்தினால் உருவானதே இந்நிறுவனம். அதனுடன் தோன்றிய நூலகத்தில்தான் 1845 இல் கார்ல் மார்க்ஸும் ஏங்கெல்ஸும் ஒரே மேசையில் அமர்ந்து படித்தனர். 1969 இல் இது ஆண், பெண் இருபாலாருக்குமான இசைப் பாடசாலையாக மாற்றப்பட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கென எழுந்த இல்லம் வரம் பெற்ற பிள்ளைகளின் கலைக்கூடமாகியது. இவ்விரண்டு இயல்புகளையும் ஒருங்கே காப்பாற்றுவது யாருடைய பணி என்பதைப் பின்னர் காண்போம்.

இப்பாடசாலைகள் முதன்மையாக மேலைத்தேய செந்நெறி இசையையே கற்பிக்கின்றன என்பதையும் முதலிலேயே கூறிவிட வேண்டும். எம்மவர் பிள்ளைகளில் வயலினையோ பியானோவையோ ஆர்வத்துடன் பற்றிக்கொண்டவர்களுக்கே இவை பொருந்தும். ஆனால் இப்பாடசாலைகள் இயங்கும் முறையிலிருந்து கற்றுக்கொள்ள எல்லோருக்கும் விடயம் உண்டு.

வகுப்பல்ல, பிள்ளையே அலகு

சாதாரண பாடசாலையில் நேரசூசியின் அலகு வகுப்பாகும். முப்பது பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து கணிதம் கற்பர். மணி அடித்ததும் ஒன்றாக எழுந்து விஞ்ஞான கூடத்துக்குச் செல்வர். இசைப் பாடசாலையிலோ ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி நேரசூசி வேண்டும். ஒருவர் செலோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் ஆர்கன். ஒவ்வொருவருக்கும் தனி ஆசிரியர். முதன்மை வாத்தியத்தோடு பெரும்பாலும் இரண்டாவது வாத்தியமும் உண்டு. பிள்ளையொருவருக்கு வாரத்தில் இரண்டு தனிப்பாடங்கள் என்று வைத்துக்கொண்டாலே 300 பிள்ளைகளுக்கு 600 சந்திப்புகள். அவை ஒவ்வொன்றிலும் பிள்ளை, ஆசிரியர், அறை, வாத்தியம் ஆகிய நான்கும் ஒரே வேளையில் ஓய்வாக இருத்தல் வேண்டும். இதற்கு மேலாகச் சட்டம் கோரும் பொதுக்கல்வியும் பொதுப் பரீட்சைகளும் உள்ளன.

ஆசிரியர்களில் பலர் முழுநேர ஊழியர் அல்லர். மன்செஸ்ரரிலே ஹாலே, பிபிசி பில்ஹார்மோனிக் போன்ற பெரும் வாத்தியக் குழுக்களில் வாசிப்போர் பாடசாலைக்கு வந்து கற்பிக்கின்றனர். அவர்களுடைய முதற்கடமை தத்தம் குழுவுக்கே. ஒரு வாரம் ஒத்திகை. மறுவாரம் வெளிநாட்டுப் பயணம். அடுத்த வாரம் ஒலிப்பதிவு. ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நேரசூசியை வரைந்து சுவரில் ஒட்டிவிட்டால் பணி முடிந்தது என்று இங்கே எவரும் இருக்க முடியாது. ஒவ்வொரு வாரமும் அது பிரிக்கப்பட்டு மீண்டும் பின்னப்படுகின்றது. வந்து போகும் ஆசிரியரின் பாடம் எப்பொழுதும் ஒரே பாடவேளையில் வருமாயின் பிள்ளை ஆண்டு முழுவதும் அதே கணித வகுப்பை இழந்துவிடும். அதனாற் பல பாடசாலைகள் தனிப்பாடங்களை வாரந்தோறும் வெவ்வேறு வேளைகளுக்குச் சுழற்றுகின்றன.

இவையெல்லாவற்றிலும் கடினமானது சிறு குழு வாசிப்பாகும். தந்திவாத்திய நால்வர் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நால்வரும் வெவ்வேறு வகுப்பினர். வாரத்தில் 40 பாடவேளைகள் உண்டெனவும், ஒவ்வொருவருக்கும் அவற்றுள் 10 ஓய்வாக உள்ளன எனவும் கொள்வோம். அந்த ஓய்வுவேளைகள் தற்செயலாகச் சிதறிக் கிடக்குமாயின், குறித்த ஒரு வேளையில் நால்வரும் ஒன்றாக ஓய்வாயிருக்கும் வாய்ப்பு 256 இல் ஒன்று. 40 வேளைகளையும் கூட்டிப் பார்த்தாலும் சராசரியாக ஆறில் ஒரு பங்கு வேளைகூடத் தேறாது. அதாவது இத்தகைய ஆறு குழுக்களில் ஐந்துக்கு வாரம் முழுவதிலும் ஒரு பொதுவேளையேனும் அமையாது. நால்வரும் திறமைசாலிகள், நால்வரும் விரும்புகின்றனர், ஆனாலும் சேர்ந்து வாசிக்க முடியாது! ஐந்தாமவராகப் பயிற்றுநரையும் ஆறாவதாக ஓர் அறையையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

கணனி இதனைத் தீர்த்துவிடாதா என்று வாசகர் வினவலாம். கணனி பேருதவி செய்கின்றது, மறுப்பதற்கில்லை. எனினும் நேரசூசிப் பிரச்சினை மிகக் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்பதைக் கணனி அறிஞர் மூவர் 1976 இல் நிறுவியுள்ளனர். எல்லா நிலைமைகளிலும் அதனை விரைவாகத் தீர்க்கவல்ல வழிமுறை எதனையும் இன்றுவரை எவரும் கண்டதில்லை. ஆகவே எதனை விட்டுக்கொடுப்பது, எதனை விட்டுக்கொடாதிருப்பது என்ற தீர்ப்பை ஒரு மனிதரே வழங்கவேண்டியுள்ளது.

முதலில் எழுதப்படுவது எது?

நேரசூசி வகுப்போர் யாவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. முதலில் எழுதப்படுவது நிலைக்கும். கடைசியில் எழுதப்படுவது ஒதுங்கும். எனவே ஒரு பாடசாலை எதனை உண்மையில் மதிக்கின்றது என்பதை அறிய அதன் விளம்பரப் புத்தகத்தைப் படிக்க வேண்டியதில்லை. அதன் நேரசூசியில் எது முதலில் எழுதப்பட்டது என்று விசாரித்தால் போதும்.

நால்வர் குழுவுக்கான வேளையை முதலிலேயே ஒதுக்கி, அதனைச் சுற்றி ஏனையவற்றை அமைக்கும் பாடசாலையில் பிள்ளைகள் கூடி இசைக்கக் கற்பர். "மற்றவற்றை எழுதியபின் பார்ப்போம்" என்ற பாடசாலையில் அந்தக் குழு காகிதத்தில் மட்டும் வாழும்.

இதனினும் முக்கியமானது தனிப்பயிற்சி நேரம். ஆசிரியர் கற்பிப்பது வாரத்தில் ஒன்றிரண்டு மணித்தியாலம். பிள்ளை கற்பதோ தனித்திருந்து பயிலும் நேரத்திலேதான். ஆயினும் நேரசூசியில் எளிதாகப் பறிபோவதும் அந்த நேரமே. அங்கே ஆசிரியர் இல்லை. ஆகவே முறையிடுவார் எவருமில்லை. நல்ல இசைப் பாடசாலை பயிற்சியை எஞ்சிய நேரமாகக் கருதாது. கணிதம் போல, விஞ்ஞானம் போல அதற்கும் வேளை குறித்து, அறை குறித்து, மேற்பார்வையாளரையும் குறிக்கும். சிறு பிள்ளைக்குக் குறுகிய பொழுதுகளாகவும் வளர்ந்தவர்க்கு நீண்ட பொழுதுகளாகவும் அதனைப் பிரிக்கும்.

இங்கே மறுபக்கம் ஒன்றும் உண்டு. விடுதியில் வாழும் பத்து வயதுப் பிள்ளைக்கு விளையாட்டும் நித்திரையும் வீட்டாருடன் தொலைபேசியில் உரையாடும் நேரமும் வேண்டும். ஓய்வின்றி வாசிக்கும் பிள்ளையின் தோளும் மணிக்கட்டும் நோவெடுக்கும். இளமையிலேயே வாத்தியத்தைக் கைவிட நேர்ந்தவர்களும் உளர். பிள்ளை எப்பொழுது வாசிக்கக்கூடாது என்பதையும் எழுதி வைப்பதே நேரசூசியின் அறம். ஆர்வமிக்க ஆசிரியரும் ஆசைமிக்க பெற்றோரும் மேலும் ஒரு மணித்தியாலம் கேட்பர். அவர்களுக்கு "இல்லை" என்று சொல்லவேண்டியவர் அலுவலக மேசையில் இருப்பவரே.

சின்னஞ்சிறு விடயங்களும் அந்த மேசைக்கே வருகின்றன. டபிள் பேஸ் என்னும் ஆளுயர வாத்தியத்தைச் சுமக்கும் பிள்ளைக்கு மூன்றாம் மாடியில் பாடம் வைக்கலாகாது. முரசுகள் முழங்கும் அறைக்கு அடுத்த அறையில் வரலாற்றுப் பரீட்சை நடத்தலாகாது. பியானோவுக்குச் சுருதி கூட்டுபவருக்கு அமைதியான அறை வேண்டும். ஆகவே எவரும் வாசிக்காத நேரமொன்றை அவருக்காகவும் எழுதவேண்டும். பரீட்சைக்கு வாசிக்கும் பிள்ளைக்குப் பக்கத்துணையாகப் பியானோ வாசிப்பவர் ஒரே நாளில் எத்தனை பேருக்கு வாசிக்க முடியும் என்பதையும் கணக்கிட வேண்டும்.

மூடிய கதவும் திறந்த பதிவேடும்

இனிச் சொல்லப்போவது கசப்பானது. ஆயினும் பெற்றோர் அறிந்தேயாக வேண்டியது. இசைக் கல்வி பெரும்பாலும் ஓர் ஆசிரியரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்கும் அறையில் நிகழ்கின்றது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளில் சிறுவர் மீதான பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த சுயாதீன விசாரணைக்குழு, விடுதிப் பாடசாலைகள் பற்றிய தனது அறிக்கையை 2022 இல் வெளியிட்டது. சிறப்பு இசைப் பாடசாலைகளில் முன்னைய காலத்தில் நிகழ்ந்த கொடுமைகளும் அதில் ஆராயப்பட்டன. தனித்துக் கற்பிக்கும் முறையும், பிள்ளையின் எதிர்காலமே தம் கையில் உள்ளது என்னும்படி சில ஆசிரியர்க்கு அமைந்த செல்வாக்கும், நிறுவனத்தின் நற்பெயரைக் காக்கும் அக்கறையும் சேர்ந்து பிள்ளைகளின் குரலை அமுக்கியமை அதனால் தெரியவருகின்றது.

குருவைத் தெய்வமாகப் போற்றும் மரபில் வந்த நாம் இதனைக் கேட்டுத் திகைக்கலாம். ஆனால் மரியாதை வேறு, பாதுகாப்பு வேறு. எந்தப் பிள்ளை எந்த ஆசிரியருடன் எந்த அறையில் எத்தனை மணிக்கு இருந்தது என்பதற்கான சாட்சி நேரசூசியே. நேரசூசியில் இல்லாத பாடமும் இடமாற்றம் அறிவிக்கப்படாத பாடமும் ஆசிரியரின் வீட்டில் திடீரென ஏற்பாடாகும் மேலதிக வகுப்பும் கேள்வி கேட்கப்பட வேண்டியவை. இங்கிலாந்தில் ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊழியர் அனைவரதும் நியமனச் சோதனைகளைக் காட்டும் மத்திய பதிவேடு ஒன்றை வைத்திருக்கவேண்டும் என்பது விதி. வாரத்தில் ஒரு மணித்தியாலம் மட்டும் வந்து கற்பிக்கும் பெரும் புகழாளரும் இதற்கு விலக்கல்லர். பயிற்சி அறைக் கதவில் கண்ணாடிச் சாளரம் வைப்பதும் இந்த எண்ணத்தினாலேயே. இவற்றைச் சலிப்பூட்டும் காகித வேலை என்று கருதுவோர், அந்தக் காகிதம் இல்லாதிருந்த காலத்தில் பிள்ளைகள் பட்டதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பணமும் வதிவிடமும் பயணமும்

இத்தகைய பாடசாலைகளின் கட்டணத்தைக் கேட்டதும் எம்மவர் பலர் பின்வாங்கி விடுகின்றனர். இது செல்வந்தருக்குரியது என்று முடிவு செய்து விண்ணப்பமே அனுப்பாதிருக்கின்றனர். அவசரப்பட வேண்டியதில்லை. 1981 இல் தொடங்கிய அரசாங்க உதவித் திட்டம், இன்று இசை நடனத் திட்டம் எனும் பெயரால் இங்கிலாந்தின் நான்கு இசைப் பாடசாலைகளிலும் செயற்படுகின்றது. பிள்ளை தெரிவு செய்யப்பட்டு உதவி இடமும் கிடைத்துவிட்டால், குடும்பத்தின் வருமானத்துக்கேற்பவே பெற்றோரின் பங்கு தீர்மானிக்கப்படும். வருமானம் மிகக் குறைந்த குடும்பம் கட்டணம் ஏதும் செலுத்தாதிருக்கவும் கூடும். ஸ்கொட்லாந்தில் சென்ற் மேரிஸ் பாடசாலைக்கு அந்நாட்டு அரசு உதவி வழங்குகின்றது. 2025 ஜனவரி முதல் தனியார் பாடசாலைக் கட்டணங்கள் மீது 20 வீதப் பெறுமதி சேர் வரி விதிக்கப்படுவதால், தம் குடும்பத்துக்கு அதன் விளைவு என்ன என்பதையும் பெற்றோர் பாடசாலை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிதல் நன்று. உதவிக்குரிய வதிவிட நிபந்தனைகளும் உண்டு. அவற்றை நண்பர்களிடம் கேட்காது அந்த அலுவலகத்திலேயே கேட்கவேண்டும்.

வதிவிடம் என்றதும் எம் நெஞ்சில் தோன்றும் அச்சத்தை நான் அறிவேன். பாடசாலையின் வாத்தியக் குழு ஐரோப்பிய நாடொன்றுக்குச் செல்கின்றது என வைத்துக்கொள்வோம். பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ள பிள்ளைக்கு ஒரு கையெழுத்து போதும். 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் கீழ் பயண ஆவணம் பெற்ற பிள்ளைக்குப் பல நாடுகளின் விசா வேண்டும். அதற்கு வாரங்கள் செல்லும். குடும்பத்தின் அகதி விண்ணப்பம் தீர்க்கப்படாதிருக்கும் பிள்ளையோ நாட்டை விட்டு வெளியேறவே முடியாது. வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படலாம். பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் இதனை அறியும் அலுவலகம், முதல் வயலின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் நீக்கவேண்டி வரும். ஆறு மாதம் முன்னரே கேட்டறியும் அலுவலகமோ விசாவுக்கு விண்ணப்பிக்க உதவும். அல்லது போக இயலாத பிள்ளைக்கும் உரிய ஒரு கச்சேரியை உள்ளூரிலேயே ஏற்பாடு செய்யும். பிள்ளை அவமானப்படுவதும் படாதிருப்பதும் நாட்காட்டியில் ஒரு குறிப்பு எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்துள்ளது.

ஆகவே பெற்றோரும் தம் நிலையை மறைக்காது பாடசாலையின் பொறுப்பாளரிடம் தனிமையில் தெரிவித்தல் வேண்டும். எமக்கு அலுவலகம் என்றாலே அஞ்சும் வழக்கம் உண்டு. அது காரணமின்றி வந்ததல்ல. ஆனால் எல்லா மேசைகளும் விசாரணை மேசைகள் அல்ல.

இன்னொரு திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரித்தானியாவின் உயர் இசைக் கல்லூரிகளில் இளமாணிப் படிப்புக்கான விண்ணப்பம் பெரும்பாலும் ஒக்ரோபர் தொடக்கத்திலேயே முடிவடைந்துவிடும். ஏனைய பெரும்பாலான பல்கலைக்கழகப் படிப்புகளுக்கு ஜனவரி வரை காலம் உண்டு. இவ்வேறுபாட்டை அறியாது ஓராண்டை இழப்பது பரிதாபத்துக்குரியது.

எம் வகுப்புகளுக்கு

ஊரில் இருந்த காலத்தில் வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் எம் பிள்ளைகளின் இசைக் கல்விக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தன. பரீட்சைத் திகதி என்றொன்று இருந்தமையால் பயிற்சிக்கும் ஒரு காலக்கணக்கு இருந்தது. இன்று வாடகைக் கட்டடங்களில் சனிக்கிழமை தோறும் நடக்கும் எம் தமிழ்ப் பாடசாலைகளில் வாய்ப்பாட்டும் வீணையும் மிருதங்கமும் கற்பிக்கப்படுகின்றன. இவற்றை நடத்துவோர் ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்கள். அவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. மூன்று விடயங்களை மட்டும் முன்வைக்கின்றேன்.

முதலாவது, பாடுபவரும் பக்கவாத்தியம் வாசிப்பவரும் சேர்ந்து பயிலும் வேளையை ஆண்டுவிழாவுக்கு முந்திய வாரத்துக்கு ஒத்திவைக்காது தவணைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுதல். மிருதங்கம் பயிலும் பிள்ளை மூன்று ஆண்டுகளாக ஒரு பாட்டுக்கும் வாசியாதிருப்பது நியாயமன்று. இரண்டாவது, எந்த ஆசிரியர் எந்த அறையில் எந்தப் பிள்ளையுடன் என்ற பதிவை ஒவ்வொரு வாரமும் வைத்திருத்தல். மூன்றாவது, இப்பணியைச் செய்பவரை "கணக்கு எழுதுபவர்" என்று ஓரமாக இருத்தாது ஆசிரியருக்கு நிகராக மதித்தல். ஆண்டுவிழா மேடையில் பொன்னாடை போர்த்தப்படுவோர் வரிசையில் அவருக்கும் இடமளித்தல்.

அகதி வாழ்வு எம்மிடமிருந்து பறித்தவற்றுள் முதன்மையானது நேரம். விசாரணைத் திகதிக்காகவும் கடிதத்துக்காகவும் முடிவுக்காகவும் காத்திருந்து கழிந்த ஆண்டுகளை எவரும் எமக்குத் திருப்பித் தரப்போவதில்லை. அதனாலேயே எம் பிள்ளைகளின் ஒரு மணித்தியாலம் யார் கையில், எதற்காக, எந்த ஒழுங்கில் செலவாகின்றது என்று கேட்கும் உரிமை எமக்கு ஏனையோரிலும் அதிகம் உண்டு. அடுத்த முறை இசைப் பாடசாலை எதற்கேனும் பிள்ளையை அழைத்துச் செல்லும்போது ஆசிரியரை வணங்கிய பின், அலுவலகத்துக்கும் சென்று நேரசூசியின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.